வந்தாரை வாழவைத்த அன்னை

ஆண்டின் நடுவில் நம் வகுப்பறைக்குப் புதிய மாணவி ஒருத்தி வந்து சேருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் மழை பொய்த்ததால் குடும்பமே பிழைப்புத் தேடி வந்திருக்கிறது. அவள் பேசும் பேச்சு நம் பேச்சைப்போல் இல்லை. ஒருவேளை அவளுக்குத் தமிழே சரியாக வரவில்லை. மதிய உணவு வேளையில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் டிபன் பெட்டியைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள். நாம் என்ன செய்கிறோம்? சற்று நகர்ந்து இடம் கொடுக்கிறோமா? அல்லது தோழியின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறோமா?

இது சிறிய காரியம்தான். ஆனால் இதே காரியத்தைத்தான் நாடுகளும் நகரங்களும் பெரிய அளவில் செய்து வந்திருக்கின்றன. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குச் செல்லும் நல்ல கிறிஸ்தவர்களும்கூடச் செய்திருக்கிறார்கள். அப்படி ஓரத்தில் நிறுத்தப்பட்ட மக்களுக்காகத் தம் வாழ்நாளையே கொடுத்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம். அவர்தாம் குடிபெயர்ந்தோரின் பாதுகாவலியாகத் திருச்சபை வணங்கும் புனித பிரான்செஸ்கா சவேரியா கப்ரினி அன்னை.

காகிதக் கப்பல்கள்

இத்தாலி நாட்டின் வடபகுதியில் லொம்பார்தி என்னும் செழிப்பான சமவெளி உண்டு. அங்குள்ள சாந்த் ஆஞ்செலோ லொதிஜானோ என்னும் ஊரில், 1850-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், ஓர் உழவர் குடும்பத்தில் கப்ரினி பிறந்தார். தந்தை அகுஸ்தீனோ, தாய் ஸ்தெல்லா. குறைமாதக் குழந்தையாகப் பிறந்ததால் பிழைக்குமோ பிழைக்காதோ என்று வீட்டார் அஞ்சினர். அக்குடும்பத்தில் பிறந்த பல குழந்தைகளில் நால்வர் மட்டுமே சிறுபிராயத்தைக் கடந்து வாழ்ந்தனர் என்றால், அந்த அச்சம் வீணானதன்று என்பது விளங்கும்.

பக்கத்து ஊராகிய லிவ்ராகாவில் சிறுமியின் தாய்மாமன் பங்குக் குருவாக இருந்தார். அவரது வீட்டருகே ஒரு வாய்க்கால் ஓடியது. விடுமுறைக்கு அங்கே செல்லும்போதெல்லாம் சிறுமி காகிதத்தில் கப்பல்கள் செய்வாள், அவற்றில் ஊதாப் பூக்களைப் பறித்து நிரப்புவாள், வாய்க்காலில் விடுவாள். அந்தப் பூக்களெல்லாம் வேதபோதகர்களாம். சீனாவுக்கும் இந்தியாவுக்கும் புறப்பட்டுச் செல்கிறார்களாம்! ஒருநாள் அவள் கால் தவறி அந்த வாய்க்காலிலேயே விழுந்துவிட்டாள். உயிர் தப்பியது. ஆனால் அன்று பிடித்த தண்ணீர்ப் பயம் வாழ்நாள் முழுவதும் விடவில்லை. இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் இந்தச் சிறுமிதான் பிற்காலத்தில் அட்லாண்டிக் பெருங்கடலை இருபது தடவைக்கு மேல் கடந்தவர்.

வேண்டாம் என்ற கதவுகள்

அர்லூனோ என்னும் ஊரில் கன்னியர் நடத்திய பள்ளியில் படித்து, 18-ஆம் வயதில் ஆசிரியைப் பயிற்சி முடித்துச் சிறப்பாகத் தேறினார் கப்ரினி. 1870-இல் பெற்றோர் இருவரையும் இழந்தார். 1872-இல் ஊரில் பெரியம்மை பரவியபோது நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யப்போய், தாமும் அந்நோயில் விழுந்து எழுந்தார்.

தமக்குக் கல்வி புகட்டிய கன்னியர் சபையிலேயே சேர விரும்பி விண்ணப்பித்தார். உடல் நலம் போதாது என்று மறுத்துவிட்டார்கள். அறிவும் பக்தியும் இருந்தும் மெலிந்த உடலைக் காரணம் காட்டிக் கதவு அடைக்கப்பட்டது. வேண்டாம் என்று சொல்லப்படுவதன் வேதனை என்ன என்பதை அவர் இளமையிலேயே அறிந்துகொண்டார்.

1874-இல் கொதோஞோ என்னும் ஊரிலிருந்த ஓர் அநாதை இல்லத்தைச் சீர்படுத்தித் தருமாறு குருக்கள் அவரை வேண்டினர். இரண்டு வாரங்கள் போதும் என்று சொல்லித்தான் அழைத்தார்கள். அங்கே ஒழுங்கும் இல்லை, அன்பும் இல்லை. இரண்டு வாரங்கள் ஆறு ஆண்டுகளாயின. ஏச்சும் பேச்சும் கேட்டுக்கொண்டே பிள்ளைகளைக் காத்தார். அங்கேதான் 1877-இல் துறவற வார்த்தைப்பாடு எடுத்து, தம் பெயருடன் சவேரியார் பெயரையும் இணைத்துக்கொண்டார். 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, கடலோர மக்களிடையே அவர்கள் மொழியில் செபங்களைக் கற்பித்து நடந்த அதே புனித பிரான்சிஸ் சவேரியார்தாம் அவருக்கு ஆதர்சம். சவேரியாரைப்போல் கீழ்த்திசைக்குச் செல்ல வேண்டும், சீனாவில் வேதம் போதிக்க வேண்டும் என்பதே அவரது கனவு.

1880-இல் அந்த இல்லம் மூடப்பட்டது. வேதபோதகக் கன்னியர் சபையைத் தாம் ஒன்றும் அறியேன், நீரே ஒன்றைத் தொடங்கும் என்று லோதி மறைமாவட்ட ஆயர் அவரிடம் கூறினார். அவ்வாண்டு நவம்பர் 14-ஆம் நாள், தாம் வளர்த்த ஏழு இளம்பெண்களுடன், கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய மடத்தில், இயேசுவின் திரு இருதய மறைபரப்புச் சகோதரிகள் சபையை அன்னை தொடங்கினார். அதுவரை வேதபோதகம் என்றால் ஆண்களின் வேலை. கன்னியர் அவர்களுக்குத் துணை. பெண்கள் தாங்களே கடல் கடந்து செல்வதா என்று பலர் முகம் சுளித்தனர். அன்னை அதைப் பொருட்படுத்தவில்லை. 1888-இல் உரோமையின் அங்கீகாரமும் கிடைத்தது.

கிழக்கே அன்று, மேற்கே

அக்காலத்தில் இத்தாலி நாடு தன் மக்களையே சோறு போட்டுக் காப்பாற்ற முடியாத நிலையில் இருந்தது. சிறுசிறு அரசுகளாயிருந்தவை 1861-இல் ஒரே நாடாயின. ஆனால் ஏழை உழவனுக்கு மிஞ்சியது வரிச்சுமை. மாவு அரைப்பதற்குக்கூடச் சில ஆண்டுகள் வரி வாங்கினார்கள். தென்பகுதியிலும் சிசிலித் தீவிலும் வறுமை தாங்க முடியாததாயிற்று. மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். 1880-க்கும் 1920-க்கும் இடையில் ஐக்கிய அமெரிக்காவுக்கு மட்டும் சென்ற இத்தாலியர் ஏறத்தாழ 40 இலட்சம் பேர்.

அங்கே அவர்களுக்குக் காத்திருந்தது என்ன? நியூயார்க் நகரில் காற்றும் வெளிச்சமும் புகாத வாடகைக் குடியிருப்புகள். ஓர் அறையில் ஒரு குடும்பம், சில வேளைகளில் இரண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகளைப் பற்றி நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களைப் போன்ற ஆட்கள் அங்கும் இருந்தார்கள். துறைமுகத்திலேயே புதியவரைப் பிடித்து வேலைக்குச் சேர்த்துவிட்டு, கூலியில் பங்கு பிடித்துக்கொண்டார்கள். பாதை போடுவதும், சாக்கடை தோண்டுவதும், சுரங்கத்தில் இறங்குவதும் இவர்கள் வேலை. பெற்றோர் விபத்திலோ நோயிலோ இறந்தால் பிள்ளைகள் தெருவில் நின்றனர்.

இந்த மக்களின் துயரத்தை முதலில் உரக்க எடுத்துச் சொன்னவர்களுள் ஒருவர் பியாசென்சா ஆயர் ஸ்கலபிரினி. தம் மறைமாவட்டத்து மக்கள் கூட்டங் கூட்டமாய் வெளியேறுவதைக் கண்டு உள்ளம் வெதும்பிய அவர், 1887-இல் குடிபெயர்ந்தோருக்காகவே ஒரு குருக்கள் சபையை நிறுவினார். 2022-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அந்த ஆயர் கப்ரினி அன்னையை நியூயார்க்குக்கு அழைத்தார். அன்னைக்கோ மனம் சீனாவில். முடிவு தெரியாமல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயரிடம் சென்றார். அவர் தயக்கமின்றிச் சொன்னது, கிழக்கே போக வேண்டாம், மேற்கே போ என்பதுதான்.

நெடுநாள் கனவைக் கைவிடுவது எளிதன்று. பூக்களை ஏற்றிய காகிதக் கப்பல்கள் சீனாவுக்கல்லவா புறப்பட்டன? ஆயினும் அன்னை கீழ்ப்படிந்தார். 1889 மார்ச் மாதம், ஆறு சகோதரிகளுடன் பிரான்சு நாட்டின் லெ ஆவர் துறைமுகத்தில் கப்பலேறினார். அதே கப்பலின் கீழ்த்தளத்தில் நூற்றுக்கணக்கான ஏழை இத்தாலியர் நெருக்கியடித்துக்கொண்டு பயணம் செய்தனர்.

முதல் இரவு

மார்ச் 31-ஆம் நாள் நியூயார்க்கில் இறங்கினர். தங்குவதற்கு மடம் இல்லை. நடத்துவதற்கு அநாதை இல்லமும் இல்லை. இல்லத்துக்குப் பொருளுதவி செய்ய முன்வந்த சீமாட்டிக்கும் பேராயர் கோரிகனுக்கும் இடையே இடம்பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்து, ஏற்பாடு முறிந்திருந்தது. இப்போதைக்குப் புறப்பட வேண்டாம் என்று பேராயர் எழுதிய கடிதம், இவர்கள் புறப்பட்டபின்தான் இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிரவு ஏழு கன்னியரும் சேரிப் பகுதியிலுள்ள ஒரு விடுதியில் தங்கினர். படுக்கைகளில் அழுக்கும் பூச்சிகளும் நிறைந்திருந்தன. படுக்க முடியாமல் நாற்காலிகளில் அமர்ந்து செபித்தபடியே விடியும்வரை விழித்திருந்தனர். குடியேறி வந்த ஏழைகளின் முதல் இரவு எப்படியிருக்குமோ, அதையே தாங்களும் அனுபவித்தார்கள்.

மறுநாள் பேராயரைக் கண்டபோது, வந்த கப்பலிலேயே திரும்பிச் செல்வது நல்லது என்று அவர் கூறினார். அன்னை பணிவோடு, ஆனால் உறுதியோடு, திருத்தந்தை தம்மை இங்கே அனுப்பியிருக்கிறார், ஆகையால் இங்கேதான் இருப்பேன் என்று விடையளித்தார். பேராயர் கெட்டவர் அல்லர். பின்னாளில் அவரே அன்னைக்குத் துணை நின்றார். அவரும் அயர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர்தாம்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இத்தாலியரை இகழ்ந்தவர்கள் எல்லாரும் வேற்று மதத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. அக்காலத்தில் அமெரிக்கத் திருச்சபையை நடத்தியவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்துக்காரர். நியூயார்க்கின் சில பங்குகளில் இத்தாலியருக்குத் திருப்பலி நடந்தது கோயிலின் அடித்தளத்து அறையில். மேலே உள்ள கோயில் மற்றவர்களுக்கு. இவர்கள் காணிக்கை போடுவதில்லை, அழுக்கு உடையோடு வருகிறார்கள், புனிதர் சுரூபங்களைத் தெருவில் தூக்கிக்கொண்டு வாணவேடிக்கை விடுகிறார்கள் என்பன குறைகள். நம் ஊர்ச் சப்பரப் பவனியைக் கண்டிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ!

இதில் வருந்தத்தக்கது என்னவென்றால், அந்த அயர்லாந்து மக்களும் இரண்டு தலைமுறைக்கு முன் இதே இகழ்ச்சியை அனுபவித்தவர்கள். 1834-இல் போஸ்டன் நகருக்கு அருகில், சார்ல்ஸ்டவுனில், உர்சுலைன் கன்னியரின் மடமும் பெண்கள் பள்ளியும் கத்தோலிக்கர்மீது வெறுப்புக் கொண்ட கும்பலால் தீக்கிரையாக்கப்பட்டன. கன்னியரும் மாணவியரும் இரவோடு இரவாகத் தப்பி ஓடினார்கள். அதையெல்லாம் மறந்து, நாம் ஏறி வந்த ஏணியை அடுத்தவர் ஏறும்போது தட்டிவிடுவது மனித சுபாவம். ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம், ஒரே நன்மை. ஆனால் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இந்தப் பிளவைத்தான் அன்னை தம் செயலால் கண்டித்தார். கோபமான பேச்சு ஒன்றும் அவர் பேசவில்லை. கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

படுக்கையும் பத்திரமும்

சகோதரிகள் இத்தாலியர் வாழ்ந்த சந்துகளில் வீடு வீடாகச் சென்றார்கள். இருண்ட படிகளில் ஏறி, நோயாளிகளைக் கண்டார்கள். பிள்ளைகளைக் கூட்டி வந்து ஞானோபதேசமும் எழுத்தும் கற்பித்தார்கள். அநாதைகளுக்காகப் பிச்சையெடுத்தார்கள். கடைக்காரர் ஒருவர் ரொட்டி கொடுப்பார். இன்னொருவர் காய்கறி கொடுப்பார். வேறொருவர் ஏச்சு மட்டும் கொடுப்பார். சில வாரங்களிலேயே அநாதை இல்லம் திறக்கப்பட்டது. 1890-இல் ஹட்சன் நதிக்கரையில் வெஸ்ட் பார்க் என்னுமிடத்தில் இயேசு சபையாரிடமிருந்து ஒரு நிலம் மலிவாகக் கிடைத்தது. மலிவுக்குக் காரணம், அங்கே நல்ல தண்ணீர் இல்லாமை. அன்னை தேடச் சொன்ன இடத்தில் ஊற்று கிடைத்தது. பிள்ளைகள் நகரத்துப் புகையிலிருந்து நல்ல காற்றுக்கு வந்தார்கள்.

மருத்துவமனை நடத்துவதில் மட்டும் அன்னைக்குத் தொடக்கத்தில் விருப்பமில்லை. தமது சபை கற்பிப்பதற்கு என்றே எண்ணியிருந்தார். அவரது மனத்தை மாற்றிய நிகழ்ச்சியை அவர் வரலாற்றை எழுதியோர் இவ்வாறு கூறுவர். நகர மருத்துவமனை ஒன்றில் படுத்திருந்த இத்தாலிய இளைஞன் ஒருவன், தனக்கு வந்த கடிதத்தைப் பிரிக்காமல் பல வாரங்களாகத் தலையணைக்கடியில் வைத்திருந்தான். அவனுக்கு எழுத்து தெரியாது. அங்கே இருந்தவர்களுக்கு அவன் மொழி தெரியாது. பார்க்கச் சென்ற சகோதரிகள் பிரித்துப் படித்தபோது, அது அவன் தாய் இறந்த செய்தியாக இருந்தது. மகன் அறியாமலேயே தாய் இறந்து அடக்கமாகி நாள்கள் பல கடந்திருந்தன. பின்னர் ஒருநாள் கனவில், தேவமாதா முந்தானையைச் செருகிக்கொண்டு நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யக் கண்டாராம் அன்னை. உதவிக்குப் போனபோது, நீ செய்ய மறுத்ததை நான் செய்கிறேன் என்று மாதா சொன்னதாகவும் கூறுவர்.

1892-இல் இரண்டு வாடகை வீடுகளில் பத்து நோயாளிகளுடனும் சுமார் 250 டாலர் கைப்பணத்துடனும் மருத்துவமனை தொடங்கப்பட்டது. கட்டில்கள் நோயாளிகளுக்கு, சகோதரிகளுக்குத் தரை. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்து 400 ஆண்டுகள் நிறைவெய்திய ஆண்டு அது. கொலம்பஸ் இத்தாலியர்; அமெரிக்கரும் அவரைப் போற்றினர். ஆகவே அன்னை மருத்துவமனைக்குக் கொலம்பஸ் பெயரையே சூட்டினார். இகழப்பட்ட மக்கள் தலைநிமிரவும், இகழ்ந்தவர்கள் மறுக்க முடியாதிருக்கவும் ஒரு பெயர்! இதிலும் அவரது அறிவுக்கூர்மை தெரிகிறது.

இரக்கம் என்றால் கண்ணீர் விடுவது என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். அன்னைக்கு இரக்கம் என்றால் படுக்கை, பால், பள்ளிக்கூடம், பத்திரம், கையெழுத்து. சிக்காகோ நகரில் ஒரு பழைய ஓட்டலை மருத்துவமனைக்காக விலை பேசியபோது, விற்பவர்கள் நிலத்தின் அளவில் ஏமாற்றுவதாக அவருக்கு ஐயம் எழுந்தது. விடியற்காலையில் சகோதரிகளை அனுப்பிக் கயிறு பிடித்து அளக்கச் செய்தார். பத்திரத்தில் ஒரு பகுதியைக் குறைத்திருந்தது தெரிந்தது. முழு நிலத்தையும் வாங்கிக்கொண்டே விட்டார். கட்டட வேலையில் ஒப்பந்தக்காரர்கள் கணக்கை ஏற்றியபோது அவர்களை நிறுத்திவிட்டுத் தாமே மேற்பார்வை செய்தார். ஏழைகளின் காசு ஒன்றுகூட வீணாகக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. அந்த மருத்துவமனை 1905-இல் திறக்கப்பட்டது.

பதினொரு பிணங்கள்

அன்னையின் வாழ்வில் மிகவும் துயரமான பக்கம் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைச் சேர்ந்தது. 1890-இல் அந்நகரக் காவல்துறைத் தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பழி இத்தாலியர்மேல் விழுந்தது. 19 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டு, ஒன்பது பேர் விசாரிக்கப்பட்டனர். அவர்களில் ஒருவரைக்கூடக் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்க்கவில்லை. மறுநாள், 1891 மார்ச் 14-ஆம் நாள், ஆயிரக்கணக்கானோர் சிறைச்சாலையைச் சூழ்ந்தனர். ஊர்ப் பெரிய மனிதர்களே முன்னின்றார்கள். கதவை உடைத்து உள்ளே புகுந்து 11 இத்தாலியரைக் கொன்றனர். அவர்களில் சிலர் விசாரிக்கப்படவே இல்லை. கொன்றவர் எவரும் தண்டிக்கப்படவில்லை.

மறு ஆண்டு அன்னை அந்நகருக்குச் சென்றார். அச்சத்தால் ஒடுங்கிக் கிடந்த தம் மக்களைக் கண்டார். மூன்று சகோதரிகள் போதும், ஐந்து சகோதரிகள் போதும் என்று கணக்குப் பார்க்கவில்லை. உடனே ஆள்களை அனுப்பினார். செயின்ட் பிலிப் தெருவில் நெருக்கமான ஒரு கட்டடத்தை வாங்கி, அநாதை இல்லமும் பள்ளியும் சிற்றாலயமும் அமைத்தனர். வெளியே வரவும் பயந்தவர்கள், அந்த முற்றத்தில் கூடித் தங்கள் மொழியில் செபமாலை சொன்னார்கள். பழிக்குப் பழி என்று அன்னை யாரையும் தூண்டவில்லை; நடந்ததை மறந்துவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. அஞ்சியிருந்தவர்களோடு போய்க் குடியிருந்தார். 1905-இல் நகரத்தில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, அதே கன்னியர் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்தனர். இகழ்ந்த ஊர் அதன்பின் மரியாதையோடு பார்த்தது. ஆனால் அந்த 11 பேருக்காக நகரத்தின் மேயர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது 2019-ஆம் ஆண்டில்தான்; 128 ஆண்டுகள் கழித்து!

சுரங்கமும் சிறையும்

அன்னையின் பயணங்களை எழுதப் புகுந்தால் இம்மலர் போதாது. நிக்கராகுவாவில் 1891-இல் பள்ளி தொடங்கினார். அரசு மாறியதும் 1894-இல் சகோதரிகள் வெளியேற்றப்பட்டனர். 1895-இல் சீலி நாட்டிலிருந்து ஆந்தீஸ் மலைத்தொடரைக் கோவேறு கழுதைமீது பனியில் கடந்து அர்ஜென்டினா சேர்ந்தார். கொலராடோ மலைகளில் சுரங்கம் தோண்டிய தொழிலாளர்களைத் தேடிச் சகோதரிகள் பூமிக்கடியில் இறங்கினர். கரிபடிந்த முகங்களோடு நின்ற அந்த ஆண்கள், தங்கள் தாய்மொழியில் கடவுளின் பெயரைக் கேட்டு விம்மினார்களாம். டென்வரில் பள்ளியும், அநாதைச் சிறுமியருக்கு இல்லமும் எழுந்தன.

சிறைகளும் அவர் பார்வைக்குத் தப்பவில்லை. நியூயார்க்கின் சிங் சிங் சிறையில் மொழி புரியாமலேயே தண்டனை பெற்றுக் கிடந்தவர்களுக்குச் சகோதரிகள் ஆறுதல் கூறினர். ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தனர். மரண தண்டனைக்குக் காத்திருந்தவர்களை நல்ல மரணத்துக்கு ஆயத்தம் செய்தனர்.

1909-இல் சியாட்டில் நகரில் அன்னை அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். குடியேறியவர்களுக்குத் தொண்டு செய்ய வந்தவர், தாமும் அவர்களுள் ஒருவரானார். புதிய நாட்டை நேசிப்பதற்காகப் பழைய மொழியை வெறுக்க வேண்டியதில்லை என்பது அவரது எண்ணம். அவர் பள்ளிகளில் பிள்ளைகள் ஆங்கிலமும் கற்றனர். இத்தாலிய மொழியும் கற்றனர்.

மிட்டாய்ப் பொட்டலங்கள்

1917-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அன்னை சிக்காகோவிலுள்ள தம் மருத்துவமனையில் இருந்தார். நெடுநாள் பயணங்களில் பிடித்த மலேரியாக் காய்ச்சல் உடலை உருக்கியிருந்தது. கிறிஸ்துமசுக்கு மூன்று நாள்களே இருந்தன. ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கென மிட்டாய்ப் பொட்டலங்கள் தயாராகிக்கொண்டிருந்தன. உலகப் போர் காரணமாக அவ்வாண்டு மிட்டாய் கிடைக்காது என்று சகோதரிகள் எண்ணியிருக்க, அன்னைதாம் எப்படியும் வாங்கச் சொன்னாராம். அந்த வேலைக்கிடையில், டிசம்பர் 22-ஆம் நாள், நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். வயது 67. அவர் நிறுவிய பள்ளிகள், இல்லங்கள், மருத்துவமனைகளின் எண்ணிக்கையும் 67. பிழைக்காது என்று நினைத்த குறைமாதக் குழந்தை, உடல்நலம் போதாதென்று மடத்தில் மறுக்கப்பட்ட பெண், வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு நிறுவனத்தை விட்டுச் சென்றார்!

1938-இல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டது. 1946 ஜூலை 7-ஆம் நாள் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அவரைப் புனிதையாக உயர்த்தினார். ஐக்கிய அமெரிக்கக் குடிமக்களுள் முதன்முதலாகப் புனிதர் பட்டம் பெற்றவர், குடியேறி வந்த ஓர் இத்தாலியப் பெண்! 1950-இல் அதே திருத்தந்தை அவரைக் குடிபெயர்ந்தோரின் பாதுகாவலியாக அறிவித்தார். அவர் காணாமற்போன கனவும் வீண்போகவில்லை. 1926-இல் அவர் சபைச் சகோதரிகள் சீனாவுக்குச் சென்றார்கள்.

சிக்காகோ மருத்துவமனைக் கட்டடம் இன்று இல்லை. அதன் சிற்றாலயம் மட்டும் திருத்தலமாக நிற்கிறது. அவரது உடல் நியூயார்க் நகரின் வடபகுதியிலுள்ள திருத்தலத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதே நகரில், அவர் வந்திறங்கிய துறைமுகத்தை நோக்கி, 2020-இல் அவருக்கு ஒரு வெண்கலச் சிலை எழுப்பினர். அதில் அன்னை இரண்டு குழந்தைகளுடன் ஒரு காகிதக் கப்பலில் நிற்கிறார்.

நாம் என்ன செய்வோம்?

நம் முன்னோரும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிஜித் தீவுக்கும் கூலிகளாகக் கப்பலேறியவர்கள்தாம். இன்று நம்மில் பலருடைய தந்தையோ அண்ணனோ அரபு நாடுகளில் உழைத்து அனுப்பும் பணத்தில்தான் நம் பள்ளிக் கட்டணம் செலுத்தப்படுகிறது. அங்கே அவர்களிடம் ஒருவர் அன்பாகப் பேசினால் நம் வீட்டில் விளக்கெரிகிறது. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து படகேறி வந்த குடும்பங்கள் நம் ஊர்களில் முகாம்களில் வாழ்ந்து வருகின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் நம் வீடுகளைக் கட்டுகிறார்கள். நம் உணவகங்களில் தட்டுக் கழுவுகிறார்கள். அவர்களில் நம் கோயிலுக்கு வருபவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில், நம் பாட்டு புரியாமல் நிற்கும் அந்த முகங்களை நாம் பார்த்திருக்கிறோமா? அவர்கள் நிற்கும் கடைசி வரிசை, நியூயார்க் கோயிலின் அடித்தளத்தைப் போன்றதாகிவிடக் கூடாது.

திருக்குடும்பமும் ஏரோதுக்கு அஞ்சி இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடிய குடும்பம்தான். அங்கே யாரோ ஒருவர் கதவு திறந்திருக்க வேண்டும். அந்நியராய் வந்த தம்மை ஏற்றுக்கொண்டோமா என்று இறுதி நாளில் ஆண்டவர் கேட்பார் என்பதை ஞானோபதேச வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். அந்தக் கேள்வி கடல் கடந்து போனவர்களுக்கு மட்டும் உரியதன்று.

பெற்றோர்கள் தங்கள் வீட்டில் வேலை செய்யும் வெளியூர்க்காரரைப் பிள்ளைகள் முன்னிலையில் எப்பெயரிட்டு அழைக்கிறார்கள் என்பதிலிருந்தே பிள்ளைகளின் ஞானோபதேசம் தொடங்குகிறது. மாணவியராகிய நமக்கோ 67 நிறுவனங்கள் கட்ட வேண்டியதில்லை. ஆந்தீஸ் மலையைத் தாண்ட வேண்டியதில்லை. டிபன் பெட்டியோடு நிற்கும் புதிய மாணவியிடம் அவள் பெயரைக் கேட்போம். விடுபட்ட பாடங்களை எழுதிக்கொள்ள நம் நோட்டைக் கொடுப்போம். அவள் மொழியில் இரண்டு வார்த்தை நாமும் கற்றுக்கொள்வோம். பெஞ்சில் சற்று நகர்ந்து உட்காருவோம்.

தண்ணீருக்குப் பயந்தும் கடலைக் கடந்த கப்ரினி அன்னையே, புதியவரைக் கண்டு பயப்படும் எங்கள் உள்ளத்தையும் கடக்க எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.